நாம் வாழும் நுவரெலியா மாவட்டத்தை நாம் அறிவோம்

(பாடசாலை விடுமுறையில் மாணவர்களும் வாலிபர்களும் செல்லவிருக்கும் சுற்றுலாவை முன்னிட்டு, தோட்ட வாசிகசாலை மண்டபத்தில் நலன்புரி உத்தியோகத்தர் நிகழ்த்திய உரை.)



இம்முறை சுற்றுலாவுக்கு எங்கே போகலாம் என்று கேட்டபோது, பலர் கதிர்காமம் என்றார்கள். சிலர் தெஹிவளை மிருகக்காட்சிசாலை என்றார்கள். இரண்டும் நல்ல இடங்கள்தான். நம்முடைய மாவட்டத்தையே ஒரு சுற்று சுற்றிப் பார்ப்போமே என்று சொன்னவுடன் ஒரு தம்பி, "இங்க பாக்க என்ன சார் இருக்கு? காலையில எந்திரிச்சா மலை, தேயிலை, பனி. அவ்வளவுதானே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குரிய பதிலே இன்றைய என் பேச்சு.

நாம் தினமும் கொழுந்து பறிக்கும் மலையைப் பார்ப்பதற்காகக் கடல் கடந்து ஆட்கள் வருகிறார்கள். நாம் சாமான் வாங்கப் போகும் கோச்சியில், ஜன்னல் ஓரத்து இடத்துக்காக அவர்கள் முன்கூட்டியே பணம் கட்டிப் பதிவு செய்கிறார்கள். அவர்களுடைய கையில் இந்த மாவட்டத்தைப் பற்றி ஒரு புத்தகம் இருக்கிறது. அந்தப் புத்தகத்தில் மலைக்கு உயரம் இருக்கும், அருவிக்குப் பெயர் இருக்கும், வெள்ளைக்காரத் தேசாதிபதியின் கதை இருக்கும். ஆனால் ரோடு வெட்டியவன், சுரங்கம் குடைந்தவன், காட்டைத் தோட்டமாக்கியவன் யார் என்பது அநேகமாக இருக்காது. அதை எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நாம். சொல்ல வேண்டுமென்றால் முதலில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மலையும் தண்ணீரும்

நுவரெலியா மாவட்டத்தின் பரப்பு 1,741 சதுர கிலோமீற்றர். நீண்ட காலமாக இது நுவரெலியா, அம்பகமுவ, கொத்மலை, ஹங்குரன்கெத்த, வலப்பனை என்ற ஐந்து பெரும் பிரிவுகளாக இருந்து வந்தது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இங்கே 7 லட்சத்து 11 ஆயிரம் பேர் வாழ்ந்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நம்மவர்கள். இலங்கையில் வேறு எந்த மாவட்டத்திலும் நாம் இந்த அளவுக்கு இல்லை.

இலங்கையின் உயரமான மூன்று மலைகளும் இந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. முதலாவது பீதுருதாலகாலை, 2,524 மீற்றர். நம்முடைய பழைய கணக்கில் 8,281 அடி. அடுத்தவை கிரிகல்பொத்தையும் தொட்டுபொலையும். சிவனொளிபாத மலை இவற்றைவிடக் குறைவு, 2,243 மீற்றர். ஆனால் தனித்து நிற்பதால் அதுதான் கண்ணுக்கு உயரமாகத் தெரிகிறது.

மலையைவிடப் பெரிய விஷயம் தண்ணீர். நம் பீலிக்கரையில் வழிந்து, கானில் இறங்கி ஓடும் தண்ணீர் எங்கே போகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? நானுஓயாவும் ஆக்ரஓயாவும் கொத்மலை ஓயாவோடு போய் மகாவலியில் சேர்கின்றன. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி, வயல்களுக்குப் பாய்ந்து, திருகோணமலைக் கடலில் விழுகிறது. மஸ்கெலியா பக்கத்து மஸ்கெலி ஓயாவும் நோர்வூட் பக்கத்து கெஹெல்கமு ஓயாவும் ஒன்றாகி களனி கங்கை ஆகின்றன. கொழும்பு மாநகரத்து மக்கள் குடிப்பது அந்தக் களனித் தண்ணீரைத்தான். தெற்கே போகும் வளவை கங்கையும் ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்தில்தான் பிறக்கிறது. ஆகவே நாம் ஓடையில் போடும் ஒரு ஷொப்பிங் பை ஓடையோடு நின்றுவிடுவதில்லை. நாட்டின் தொட்டியில் விழுகிறது.

காடாக இருந்த காலம்

தேயிலைக்கு முன்னால் இங்கே என்ன இருந்தது? கொத்மலை, வலப்பனை, ஹங்குரன்கெத்த பகுதிகளில் கண்டி இராச்சியத்துக்கு உட்பட்ட பழைய சிங்களக் கிராமங்கள் இருந்தன. ஹங்குரன்கெத்தயில் கண்டி மன்னர்களுக்கு ஒரு மாளிகையே இருந்தது. அதற்கு மேலே, நம் தோட்டங்கள் இருக்கும் உயரத்தில், பெருங்காடும் புல்வெளியும்தான். அந்தப் புல்வெளியைச் சிங்களத்தில் 'பத்தன' என்பார்கள். கொட்டகலைக்கு அருகிலுள்ள பத்தனையின் பெயர் அப்படி வந்ததுதான்.

1815 இல் கண்டி ஆங்கிலேயர் வசமானது. 1819 இல் டாக்டர் ஜோன் டேவி என்பவர் நுவரெலியாச் சமவெளியைக் கண்டு எழுதினார். தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் அங்கே மாளிகை கட்டினார். பின்னால் சாமுவேல் பேக்கர் என்ற துரை வந்து, சீமையிலிருந்து மாடும் விதையும் கொண்டுவந்து விவசாயம் செய்து பார்த்தார். 1873 இல் தேசாதிபதி கிரகரியின் காலத்தில் கிரகரி வாவி உருவானது. சிவப்புச் செங்கல் தபால் கந்தோர் 1894 இல் கட்டப்பட்டது. இவற்றையெல்லாம் நுவரெலியா டவுனில் நின்றால் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

நம்மவர்கள் வந்த வழி

இந்தப் பக்கத்துக் கதையை நாம்தான் சொல்ல வேண்டும். 1820களில் கோப்பித் தோட்டங்கள் ஆரம்பமாயின. தமிழ்நாட்டிலிருந்து, பஞ்சத்துக்கும் கடனுக்கும் பயந்து, கங்காணியின் சொல்லை நம்பி நம் முன்னோர்கள் கடல் தாண்டினார்கள். மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்குக் கால்நடையாகவே வந்தார்கள். காய்ச்சல், வாந்திபேதி, தண்ணீர்ப் பஞ்சம் எல்லாம் சேர்ந்து வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. அந்த வருகையின் 200 ஆண்டு நினைவாக 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. அன்று நடந்தவர்களுக்கு வழியில் தண்ணீர் கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். முன்னோர்களுக்கு அப்படி யாரும் இருக்கவில்லை.

1867 இல் ஜேம்ஸ் டெய்லர் கண்டிக்கு அப்பால் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869 இல் கோப்பி இலையில் துரு நோய் வந்தது. இருபது வருடத்துக்குள் கோப்பி அழிந்து, தேயிலை மலை ஏறியது. கோப்பிக் காலத்தில் அறுவடைக்கு வந்து, முடிந்ததும் ஊர் திரும்பியவர்கள் பலர். தேயிலைக்கோ வருஷம் முழுக்க ஆள் வேண்டும். அதனால் குடும்பம் குடும்பமாக வந்து லயத்தில் தங்கினார்கள். நாம் இந்த மண்ணின் மக்களானது அப்படித்தான்.

தேயிலைப் பெட்டியைக் கொழும்புக்கு இறக்க ரயில் தேவைப்பட்டது. கண்டிக்கு 1867 இல் வந்த பாதை 1884 இல் ஹட்டனையும், 1885 இல் நானுஓயாவையும் எட்டியது. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவே இருக்கும் சிங்கமலைச் சுரங்கத்தில் கோச்சி நுழையும்போது பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள். அரை கிலோமீற்றருக்கும் அதிக நீளமான அந்தச் சுரங்கத்தை, இன்றைய இயந்திரங்கள் இல்லாத காலத்தில், பாறையைக் குடைந்து அமைத்தார்கள். பட்டிப்பொலை ஸ்டேஷன் இலங்கையிலேயே உயரமான ரயில் நிலையம், 6,226 அடி. அந்த உயரத்துக்கு மண்ணும் கல்லும் சுமந்தவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் தோட்டங்கள் பலவற்றுக்கு இரண்டு பெயர் உண்டு. டன்சினன், ஸ்ட்ரெதன், ஹோலிரூட் என்பவை ஸ்கொத்லாந்துத் துரைமார் தங்கள் ஊர் ஞாபகத்தில் வைத்தவை. நம் ஆட்கள் தங்கள் வாய்க்கு ஏற்ப வேறு பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். மேட்டு லயம், பணிய லயம், இன்ன கங்காணி மலை, இன்ன கோயில் தொங்கல் என்று ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு பெயர் இருக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு கதையும் இருக்கிறது. அந்தப் பெயர்கள் தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில் இருக்காது. வயதானவர்களின் நாக்கில்தான் இருக்கின்றன.

அருவியும் ஆளும்

இனி நாம் போகப் போகும் வழியைச் சொல்கிறேன். ஹட்டனில் ஏறினால் தலவாக்கலை ரோட்டில் முதலில் வருவது டெவன் அருவி. 97 மீற்றர் உயரம். அதைத் தாண்டினால் சென்கிளயர் அருவி. உயரம் 80 மீற்றர், ஆனால் அகலத்தில் பெரியது. 2012 இல் மேல் கொத்மலை மின்திட்டம் இயங்கத் தொடங்கியது. தலவாக்கலையில் அணை கட்டி, தண்ணீரை மலைக்குள் சுரங்கம் வழியாகக் கொண்டுபோய் 150 மெகாவொட் மின்சாரம் எடுக்கிறார்கள். அதற்குப் பின்னர் சென்கிளயரில் பழைய வேகம் இல்லை. அணைக்காகப் பல குடும்பங்கள் இடம் மாறின. நாட்டுக்கு வெளிச்சம் வேண்டும்தான். அதற்கு எந்த ஊர் என்ன விலை கொடுத்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

டெவன் அருவியைப் பார்க்கும்போது இன்னொரு பெயரையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1977 ஆம் ஆண்டு மே மாதம் 11 ஆம் திகதி. இந்தப் பகுதியில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியை எடுத்துப் பங்கிட முயற்சி நடந்தது. காணி போனால் வேலையும் வீடும் போகும் என்று தொழிலாளர்கள் திரண்டு எதிர்த்தார்கள். பொலிஸார் சுட்டார்கள். டெவன் தோட்டத்து இளைஞர் சிவனு லெட்சுமணன் உயிர் விட்டார். அதற்கு முன் 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பளப் போராட்டத்தின்போது கோவிந்தன் சுடப்பட்டு இறந்தார். படம் பிடிக்க வருகிற பயணிக்கு அருவி மட்டும் தெரிந்தால் போதும். நம் பிள்ளைகளுக்கு இரண்டும் தெரிய வேண்டும்.

ஹட்டன் டவுனிலிருந்துதான் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைத்து வேலை செய்தார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மையார் கூட்டங்களில் பாட்டுப் பாடி மக்களைச் சேர்த்தார். மடகும்புரத் தோட்டத்தில் 1914 இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, 1947 இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானார். லயத்துப் பாட்டிமார் பாடிய பாட்டுகளைச் சேர்த்து அவர் புத்தகமாக்கியிருக்காவிட்டால், அவற்றில் பல அழிந்தே போயிருக்கும்.

1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நம்மவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவு செய்தது. ஹட்டன் ஸ்டேஷனில் அண்ணன் ஏற, தம்பி பிளாட்போமில் நின்று அழுத காலம் அது. அந்த ரயிலுக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர் வந்தது. மிச்சமிருந்த பிரஜாவுரிமைப் பிரச்சினை தீர 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று நாம் சட்டப்படி இந்நாட்டுப் பிரஜைகள். சொந்தக் காணி, சொந்த வீடு என்ற இடத்துக்கு இன்னும் எல்லாரும் வந்து சேரவில்லை.

மஸ்கெலியாப் பக்கம்

சிவனொளிபாத மலைக்குப் போகிறவர்கள் மவுசாகலை நீர்த்தேக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தண்ணீருக்கு அடியில் பழைய மஸ்கெலியா டவுன் இருக்கிறது. 1960களில் அணை கட்டியபோது டவுனை மேட்டுக்கு மாற்றினார்கள். கடுமையான வறட்சி வந்து தண்ணீர் வற்றினால் பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளியே தலை காட்டும். ஒரே டவுனில் மூன்றும் பக்கம் பக்கமாக இருந்ததற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

இந்த ஆறுகளில் மின்சாரம் எடுக்கலாம் என்று முதலில் சொன்னவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. பல வருஷம் யாரும் கேட்கவில்லை. லக்ஷபான மின்நிலையம் 1950 இல்தான் இயங்கத் தொடங்கியது. மின்கம்பி தலைக்கு மேலே போக, லயத்துக்குள்ளே குப்பி விளக்கு எரிந்த காலத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

சிவனொளிபாதத்தின் பருவம் மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக்கில் முடிகிறது. நாம் சிவன் பாதம் என்கிறோம், பௌத்தர்கள் புத்தர் பாதம் என்கிறார்கள், முஸ்லிம்கள் ஆதம் நபியின் பாதம் என்கிறார்கள். 1344 இல் இபுன் பதூதா என்ற யாத்திரிகர் இதில் ஏறியிருக்கிறார். படியில் ஏறும்போது யார் எந்தச் சமயம் என்று யாரும் கேட்பதில்லை. களைத்தவருக்குக் கை கொடுப்பதுதான் அங்கே வழக்கம்.

ஹக்கலையும் ஹோர்ட்டன் சமவெளியும்

நுவரெலியாவைத் தாண்டினால் சீதாஎலிய அம்மன் கோயில். அதையும் தாண்டினால் ஹக்கலைப் பூந்தோட்டம். அது முதலில் பூவுக்காக ஏற்பட்டதல்ல. மலேரியாக் காய்ச்சலுக்குக் குவினைன் மருந்து எடுக்கும் சின்கோனா மரம் வளர்க்க 1861 இல் தொடங்கியது. கோப்பி விழுந்த சமயத்தில் துரைமார் பலர் சின்கோனாவையும் நட்டுப் பார்த்தார்கள்.

கடைசியாக ஹோர்ட்டன் சமவெளி. பழைய சிங்களப் பெயர் மகாஎலிய. தேசாதிபதி வில்மட் ஹோர்ட்டனின் பெயரை ஆங்கிலேயர் வைத்தார்கள். 1988 இல் தேசிய பூங்காவானது. 2010 இல் சிவனொளிபாதக் காட்டுடனும் நக்கிள்ஸ் மலையுடனும் சேர்த்து இதை உலக மரபுரிமையாக யுனெஸ்கோ ஏற்றது. உலக முடிவு என்னும் இடத்தில் தரை அப்படியே அறுந்து ஏறத்தாழ 870 மீற்றர் கீழே இறங்குகிறது. காலை ஒன்பது மணிக்குள் போய்ச் சேர வேண்டும். அதற்குப் பின் பனி மூடினால் வெள்ளைச் சீலை கட்டியதுபோல் ஒன்றும் தெரியாது. பேக்கர் அருவியையும் சேர்த்துச் சுற்றி வர 9 கிலோமீற்றருக்கு மேல் நடை. கொழுந்து மலை ஏறுகிற நமக்கு அது பெரிசில்லை. வாசலில் பையைச் சோதித்துப் பொலித்தீனை எடுத்துவிடுவார்கள். ஆகவே சோற்றை வாழை இலையிலோ டப்பாவிலோ கட்டுங்கள்.

அங்கே மரை கூட்டமாக மேயும். அழிந்துபோனதாகக் கருதப்பட்ட மலைத் தேவாங்கின் படம் 2010 இல் வெளியானது. அந்த முகில் காட்டின் வேலை என்னவென்று தெரியுமா? மழை இல்லாத நாளிலும் மரத்துப் பாசி பனியைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக மண்ணுக்குள் விடுகிறது. ஆறு வற்றாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நம் கையில் இருப்பது

பார்த்துவிட்டு வருவதோடு நம் கடமை முடியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் ஒரு மரக்கறித் தோட்டத்துச் சுருக்குக் கம்பியில் கறுஞ்சிறுத்தை ஒன்று சிக்கியது. சில நாட்களில் செத்துப்போனது. காட்டுப்பன்றி மரக்கறியை நாசம் செய்கிறது என்பது உண்மைதான். ஆனால் கம்பிக்குப் பன்றி எது, சிறுத்தை எது, நம் வீட்டு நாய் எது என்று தெரியாது. காட்டு ஓரம் நடக்கிற நம் பிள்ளையின் கால் எது என்றும் தெரியாது. தயவுசெய்து சுருக்கு வைக்காதீர்கள்.

மண்சரிவும் அப்படியே. காட்டை வெட்டிய செங்குத்து மலையில் மழைத் தண்ணீர் தாறுமாறாக இறங்கினால் மண் தாங்காது. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் நம் மாவட்டமும் கண்டி, பதுளை மாவட்டங்களும் பட்ட பாட்டை நான் சொல்லத் தேவையில்லை. கானை அடைக்காதீர்கள். சுவரிலோ நிலத்திலோ புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்றுத் தண்ணீர் ஆகியவற்றைக் கண்டால் சாமானைப் பார்க்காமல் ஆட்களோடு வெளியேறுங்கள். கிராம சேவகருக்கும் 117 இலக்கத்துக்கும் உடனே சொல்லுங்கள். மண்ணை அறிவது என்பதில் இதுவும் அடங்கும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். சுற்றுலா போவதற்கு முன், ஒவ்வொருவரும் ஒரு கொப்பி எடுங்கள். வீட்டில் இருக்கும் தாத்தா, அப்பாயி, அம்மாயியிடம் மூன்று கேள்வி கேளுங்கள். நம் ஆட்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள்? இந்தத் தோட்டத்து மேடு, பள்ளம், ஓடைக்கெல்லாம் என்ன பெயர், அது ஏன் வந்தது? அவர்கள் சின்ன வயதில் இருந்து இப்போது இல்லாமல் போன மரம், ஊற்று, மிருகம் எது? சொல்வதைச் சொன்னபடியே எழுதுங்கள். பிழை திருத்த வேண்டாம். பழைய துண்டு, பாஸ்போட், பிறப்புப் பத்திரம் ஏதாவது ட்ரங்குப் பெட்டியில் இருந்தால் எறியாமல் பத்திரப்படுத்துங்கள். கொப்பிகளை இந்த வாசிகசாலையில் சேர்த்து வைப்போம்.

வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. படிப்பு முடிந்தவுடன் கொழும்புக் கடைக்குப் போவதுதான் வழி என்று நினைக்கிறீர்கள். நம் மலைக்கு வரும் பயணிக்கு வழி காட்டவும், கதை சொல்லவும், தங்க இடம் கொடுக்கவும் ஆள் தேவை. மூன்று மொழியும் பேசத் தெரிந்து, இந்த மாவட்டத்தை உள்ளங்கைபோல அறிந்த ஒருவருக்கு அது மரியாதையான தொழில். அதற்குரிய அனுமதிப் பத்திரமும் பயிற்சியும் பெற விரும்புகிறவர்கள் என்னை வந்து சந்தியுங்கள், விண்ணப்பம் எழுத நான் உதவி செய்கிறேன்.

பெற்றோர்களே, பெண் பிள்ளைகளையும் தயங்காமல் அனுப்புங்கள். கூடவே இரண்டு தாய்மார் வருவார்கள். குளிருக்குச் சால்வையும், அட்டைக்கு உப்பும், குடிக்கத் தண்ணீர்ப் போத்தலும் மறக்க வேண்டாம். விடியற்காலை மூன்று மணிக்கு வேன் பிரட்டுக்களத்தில் நிற்கும். பெயர் கொடுக்காதவர்கள் இன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.